இரைச்சல் இருக்கிறது, இழுவை எங்கே?
சி.வி.ரி. கியர் வாகனத்தை அறிந்து ஓட்டுதல்

"சுவாமி, ஏறி மிதிச்சால் இஞ்சின் கத்துது; வாகனம் மட்டும் ஆறுதலாத்தான் போகுது. இழுவை காணாது. கியர்ப்பெட்டியிலை ஏதோ பிழை போலை கிடக்கு."

இப்படி என்னிடம் முறையிட்ட இளைஞர் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அவர்கள் குடியிருப்பது ஓரிடம். விடுவிக்கப்பட்ட சொந்தக் காணி இன்னோரிடம். இரண்டுக்கும் இடையில் முப்பது கிலோமீற்றருக்கு மேல். வெளிநாட்டில் இருக்கும் சின்னம்மா அனுப்பிய பணத்தோடு தாயாரின் நகையையும் ஈடுவைத்து, ஜீப் வடிவிலான சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். காலையில் குடும்பத்தைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்வதும், பகலில் வாடகைக்கு ஓடுவதும், இரவில் அயலில் யாருக்கேனும் சுகமில்லையென்றால் ஆசுபத்திரிக்குக் கொண்டோடுவதும் அதே வாகனந்தான். அதற்கு முன் அவர் ஓட்டிப் பழகியவை லாண்ட்மாஸ்ரரும் பழைய கியர் வானும்.

கராஜ் ஒன்றில் கியர்ப்பெட்டியை இறக்கிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொருவர், அக்சிலேற்றர் மிதிக்கு ஒரு சிறு பெட்டி பூட்டினால் வாகனம் பறக்கும் என்றாராம். இரண்டுக்கும் பணம் கொடுக்க முன்னர் ஒருதடவை ஓட்டிப் பார்ப்போம் என்று ஏறினேன். கியர்ப்பெட்டியில் பிழை எதுவும் இருக்கவில்லை. வேறு சில சிறிய குறைகள் இருந்தன. அவற்றைப் பின்னர் சொல்கிறேன். முக்கியமான குறை, இந்தக் கியர் எப்படி வேலை செய்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், இத்தகைய வாகனங்கள் எமது வீதிகளில் கூடிவருகின்றன. எனவே விடயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உடுக்கும் பட்டியும்

லாண்ட்மாஸ்ரரில் சேற்றை உழும்போது சிறிய கியரையும், வெறும் பெட்டியோடு றோட்டில் வரும்போது பெரிய கியரையும் போடுகிறோம். இஞ்சின் ஒன்றே. சிறிய கியரில் சில்லு மெதுவாகச் சுழன்றாலும் பலமாகத் தள்ளும். பெரிய கியரில் வேகமாகச் சுழலும், தள்ளும் பலம் குறையும். நெல்லுமில்லில் சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்குப் பெல்ற் போட்டால் ஓட்டம் குறைந்து பலம் கூடுவதும் இதே கணக்குத்தான்.

சாதாரண கியர்ப்பெட்டியில் நான்கோ ஐந்தோ படிகள் இருக்கும். சி.வி.ரி. என்பதில் படியே இல்லை. அதனுள்ளே இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு பட்டி. ஒவ்வொரு கப்பியும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. கூம்புகளின் ஒடுங்கிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். உடுக்கின் இடையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டி அந்த இடையில் கிடக்கிறது. இரு தட்டுகளும் நெருங்கினால் பட்டி வெளிநோக்கி ஏறும். அப்போது அது பெரிய கப்பி. தட்டுகள் விலகினால் பட்டி உள்ளே இறங்கும். இப்போது அது சிறிய கப்பி. ஒரு கப்பி பெருக்கும்போது மற்றது சிறுக்கும். ஆகவே மிகச் சிறிய கியரிலிருந்து மிகப் பெரிய கியர்வரை, இடையில் எந்த இடத்திலும் நிற்க முடியும்.

உங்கள் வீட்டில் மகள் ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் இருப்பது இதுவே. அதில் இறப்பர்ப் பெல்ற். சுழலும்போது வெளியே தள்ளப்படும் சிறு உருளைகள் தட்டை நெருக்குகின்றன. காரில் உருக்குப் பட்டி. ஒயில் அழுத்தம் தட்டுகளை நெருக்குகிறது. எவ்வளவு நெருக்குவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது.

இதைக் காரில் பரவலாகக் கொண்டுவந்தவர் ஒல்லாந்து நாட்டவரான ஹுப் வான் டோர்ன் என்பவர். ஒரு கொல்லரின் மகன். அவருடைய டாவ் தொழிற்சாலை 1958இல் அறிமுகப்படுத்திய டாவ் 600 என்னும் சிறு காரில் இறப்பர்ப் பெல்ற்றுகள் இருந்தன. முன்னே போகும் அதே வேகத்தில் அது பின்னேயும் போகும்! பின்னாளில் நூற்றுக்கணக்கான சிறு உருக்குத் துண்டுகளை மெல்லிய உருக்கு வளையங்களில் கோத்த பட்டி உருவாக்கப்பட்டது. 1987இல் யப்பானின் சுபாரு ஜஸ்ரி என்ற சிறு கார் அத்தகைய பட்டியோடு வந்தது. சாதாரண பெல்ற் இழுத்து வேலை செய்யும். இந்த உருக்குப் பட்டியோ துண்டுக்குத் துண்டு முட்டித் தள்ளி வேலை செய்கிறது. பட்டிக்கும் கப்பிக்கும் இடையே பற்கள் கிடையாது. உராய்வு ஒன்றினால்தான் முழு வாகனமும் நகர்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயிலைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

ஒரு குறிப்பு. கிளச் மிதி இல்லாத எல்லா வாகனமும் சி.வி.ரி. அல்ல. ஹொண்டா வெசல் 2013இல் வந்தபோது அதன் கலப்பின வகையில் இருந்தது இரட்டைக் கிளச் கொண்ட கியர்ப்பெட்டி. ரொயோட்டா ரெய்ஸின் கலப்பின வகையிலும் இந்தப் பட்டி கிடையாது. நான் சொல்வது பட்டியும் கப்பியும் உள்ள வாகனங்களுக்கே.

ஏன் கத்துகிறது?

ரெய்ஸின் 1000 சி.சி. டேர்போ இஞ்சினையே உதாரணமாக எடுப்போம். அதன் முறுக்குவிசை 2400 சுற்றிலிருந்து 4000 சுற்றுவரை 140 நியூற்றன் மீற்றர். அதன் உச்ச வலு 98 குதிரைவலு. அது கிடைப்பது நிமிடத்துக்கு 6000 சுற்றில். வலு என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. கணக்குப் பார்த்தால், 2400 சுற்றில் இந்த இஞ்சின் தரக்கூடியது ஏறத்தாழ 48 குதிரைவலு மட்டுமே. 4000 சுற்றில் அது 80 ஆகிவிடுகிறது. அதாவது மெல்லிய சத்தத்தோடு ஓடும்போது உங்களிடம் பாதி இஞ்சின்தான் இருக்கிறது. மீதிப் பாதி சுழற்சி கூடினால்தான் வரும்.

கியர் வானில் நாம் இதை உணர்வதில்லை. அதில் சுழற்சியும் வேகமும் ஒன்றாக ஏறும், கியர் மாற்றச் சத்தம் விழும், மீண்டும் ஏறும். எனவே சத்தம் கூடினால் வேகம் கூடவேண்டும் என்று எமது காது பழகிவிட்டது. சி.வி.ரி. அப்படியல்ல. மிதியை ஆழமாக அழுத்தினால் அது முதலில் இஞ்சினை வலு உள்ள சுற்றுக்கு உயர்த்துகிறது. பிறகு அந்தச் சுற்றிலேயே ஏறக்குறைய நிறுத்திவைத்துக்கொண்டு, பட்டியை நகர்த்தி வாகனத்தின் வேகத்தை உயர்த்துகிறது. சத்தம் ஒரே சீராக நிற்கும். வேகமுள் மட்டும் ஏறிக்கொண்டு போகும். காதை நம்பினால் வாகனம் நிற்கிறது என்று தோன்றும். வேகமானியைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

எனினும் இளைஞரின் முறைப்பாட்டில் உண்மையும் உண்டு. மிதித்த கணத்துக்கும் இழுவை வரும் கணத்துக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் பட்டி பெரிய கியரிலிருந்து சிறிய கியருக்கு நகரவேண்டும். இஞ்சினின் பாரமான சுழலும் பாகங்கள் 1800 சுற்றிலிருந்து 4500 சுற்றுக்கு ஏறவேண்டும். அதற்கு வேண்டிய சக்தியும் அதே இஞ்சினிலிருந்தே போகிறது. சில்லுக்கு மிஞ்சுவது குறைவு. டேர்போ உள்ளதாயின் அதுவும் காற்றை அழுத்தத் தொடங்கச் சிறிது நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு வினாடி, சில வாகனங்களில் அதற்கும் சற்றுக் கூட. ஒரு வினாடிதானே என்று நினைக்கலாம்.

ஒரு வினாடியின் விலை

நான் நினைத்தேன். கண்டி வீதியில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில், விடியற்காலையில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் மரம் ஏற்றிய லொறி. தூரத்தில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று கணித்து, வலப்பக்கம் எடுத்த பிறகே மிதியை அழுத்தினேன். பல வருடம் கியர் பிக்கப் ஓட்டிய பழக்கம் அது. இஞ்சின் அலறியது, வாகனம் லொறியின் பின்சில்லுக்கு நேராக அப்படியே நின்றதுபோல் இருந்தது. பஸ்ஸின் வெளிச்சம் பெருத்துக்கொண்டே வந்தது. பிறேக் அடித்து மீண்டும் லொறிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். வாகனத்தில் இருந்த ஒருவரும் வவுனியா வரும்வரை கதைக்கவில்லை. பிழை என்னுடையது.

அன்று இரவு கடதாசி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 45 கிலோமீற்றர் வேகத்தில் போகும் 10 மீற்றர் நீள லொறியை, 15 மீற்றர் பின்னாலிருந்து புறப்பட்டு, 15 மீற்றர் முன்னால் போய்ச் சேரும்வரை முந்தவேண்டும். ஊருக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. சாரதி மட்டும் உள்ள ஒரு சிறு காருக்கு ஏறத்தாழ 8 வினாடி எடுக்கும். எதிரே வரும் வாகனமும் 70இல் வருகிறதென்றால், இரண்டுக்கும் சேர்த்து வெறும் றோட்டாக 300 மீற்றர் வேண்டும்.

இப்போது ஐந்து பேரும் 50 கிலோ வெங்காய மூட்டை ஒன்றும் ஏறியிருக்கிறார்கள் எனக் கொள்வோம். ரெய்ஸின் நிறை ஏறத்தாழ 980 கிலோ. சாரதியோடு மட்டும் 1045; நிறைந்த சுமையோடு 1330. பாடசாலையில் படித்த கணக்கின்படி, விசை மாறாமல் திணிவு கூடினால் ஆர்முடுகல் குறையும். இங்கே அது நாலில் மூன்று பங்கை விடச் சற்றுக் கூடிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் முந்தும் நேரத்தில் அது கூட்டுவது ஏறத்தாழ அரை வினாடி. வலப்பக்கம் எடுத்த பிறகு மிதித்தால் வரும் அந்த வெற்றிடமோ ஒரு முழு வினாடி. ஒவ்வொரு வினாடிக்கும் 32 மீற்றர் றோட்டு கரைகிறது. இரண்டும் சேர்ந்தால் 300 மீற்றர் என்று கணித்த இடத்தில் 350 மீற்றர் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தந்தது. நான்கு பேரையும் ஒரு மூட்டையையும் இறக்கினால் மிஞ்சும் நேரத்தைவிட, மிதிக்கும் ஒழுங்கை மாற்றினால் மிஞ்சும் நேரம் கூட. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

முன்கூட்டியே கேளுங்கள்

ஒழுங்கு இதுதான். முந்தவேண்டும் என்று தீர்மானித்தவுடன், லொறிக்குப் பின்னால் போதிய இடைவெளி விட்டு நிற்கும்போதே இஞ்சினை ஆயத்தம் செய்யுங்கள். கியர்த் தடியில் எஸ் என்ற நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சில வாகனங்களில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். கழித்தலை இரண்டு தடவை தட்டுங்கள். ரெய்ஸில் சுக்கானிலேயே பவர் என்று ஓர் அழுத்தி இருக்கிறது. எதுவுமே இல்லையென்றால் மிதியைச் சிறிது சிறிதாக ஆழமாக்கி இஞ்சினை எழுப்பலாம். ஆனால் இடைவெளி சுருங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சுற்று 3000, 3500 என்று ஏறி நிற்கும். இப்போது பட்டி நகர்ந்தாயிற்று, டேர்போவும் விழித்துவிட்டது. றோட்டைப் பாருங்கள், கண்ணாடியைப் பாருங்கள், சமிக்ஞை போடுங்கள், பிறகு வெளியே எடுங்கள். மிதித்த உடனே இழுவை வரும். றோட்டு வெளியாக இல்லையென்றால் ஒன்றும் இழக்கவில்லை. சத்தத்தோடு லொறிக்குப் பின்னால் இன்னும் சிறிது நேரம் வருவீர்கள், அவ்வளவே.

முந்தும்போது மிதியை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தாதீர்கள். விட்டால் கணினி, சாரதிக்கு இனி அவசரம் இல்லை என்று எண்ணிப் பட்டியைப் பெரிய கியருக்கு நகர்த்திவிடும். மறுபடி அழுத்தும்போது அதே வெற்றிடம் மீண்டும் வரும். ஒரே சீராக, ஆழமாகப் பிடியுங்கள். முழுவதும் தரையோடு அழுத்தவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 4000 சுற்றிலேயே 80 குதிரைவலு கிடைக்கிறது என்று மேலே பார்த்தோம்.

ஏற்றத்துக்கும் இதே முறைதான். மலைநாட்டுப் பக்கம் போகிறவர்கள் ஏற்றம் தொடங்க முன்னரே எஸ் நிலைக்கு வந்துவிடவேண்டும். வேகம் விழுந்த பின்னர் மிதிப்பது கூடிய எரிபொருளையும் கூடிய வெப்பத்தையும் தரும். இறக்கத்தில் எல் அல்லது பி நிலையில் இறங்கினால் இஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறேக் சூடாகாது.

ஈக்கோ என்றோர் அழுத்தி பல வாகனங்களில் உண்டு. அது பெற்றோலை மிச்சப்படுத்த மிதியை மந்தமாக்குகிறது. குளிரூட்டியையும் சற்றுக் குறைக்கிறது. தட்டையான றோட்டில் தனியே போகும்போது அது நல்லது. சுமையோடு நெடுந்தூரம் போகும்போது நிறுத்திவிடுங்கள். குளிரூட்டியும் இஞ்சினிலிருந்துதான் வலு எடுக்கிறது. சிறிய இஞ்சினில் அது தெரியும். முந்துவதற்குச் சற்று முன் அதை நிறுத்துவதில் தவறில்லை, ஆனால் அதற்காகக் கையை அங்குமிங்கும் தேடவிட்டு றோட்டிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது.

மிதிக்குப் பூட்டும் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவையேனும் கூட்டாது. நீங்கள் கால்பங்கு மிதித்ததை அரைப்பங்கு மிதித்ததாகக் கணினியிடம் சொல்கிறது. நீங்களே அரைப்பங்கு மிதித்தால் அதே பலன். காலுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

புழுதி, ரயர், பெற்றோல்

காற்று வடிகட்டி அடைத்திருந்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். எமது செம்மண் ஒழுங்கைகளிலும் அறுவடைக்காலப் புழுதியிலும் ஓடும் வாகனத்துக்குக் கைநூல் சொல்லும் தூரத்துக்கு முன்னரே அது அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். கடைசிப் பக்கம்வரை தேடினாலும் இதைவிட மலிவான திருத்தம் கிடைக்காது.

ரயர்க் காற்று சாரதிக் கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் சொல்லியபடி இருக்கவேண்டும். காற்றுக் குறைந்த ரயர், மணலில் சைக்கிள் உழக்குவதுபோல் இஞ்சினை உழக்கவைக்கும். அழகுக்காகப் பெரிய ரயர் பூட்டும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. ரயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடினால், சில்லைத் தள்ளும் விசை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறையும், பாரமும் கூடும். புறப்படும்போது அது நன்றாகத் தெரியும். வாகனத்தோடு வந்த அளவே நல்லது.

பெற்றோலில் 92ஐ விட்டு 95 அடித்தால் இழுவை கூடுமா என்று கேட்பவர்கள் பலர். கைநூல் உயர்ந்த ஒக்ரேன் கேட்டால் அதை அடிக்கவே வேண்டும். ரெய்ஸ் போன்றவை யப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்றே ஆக்கப்பட்டவை; அவற்றுக்கு 95 அடிப்பதால் சொல்லும்படியான பலன் இல்லை. அந்த வித்தியாசக் காசை ஒயிலுக்கு வைத்திருங்கள்.

ஒயில்தான் உயிர்

பட்டிக்கும் கப்பிக்கும் இடையே பற்கள் இல்லை, உராய்வு மட்டுமே என்று சொன்னேன். அந்த உராய்வைத் தருவது ஒரு விசேட ஒயில். மற்ற ஒயில்கள் வழுக்குவதற்கென்று ஆக்கப்பட்டவை. இதுவோ தேய்மானத்தையும் தடுக்கவேண்டும், அழுத்தம் கூடும் இடத்தில் பிடியையும் கொடுக்கவேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை இதற்குள் ஊற்றினால் பட்டி வழுக்கும். வழுக்கினால் கப்பியின் முகம் கீறுப்படும். கீறுப்பட்டால் கியர்ப்பெட்டி போனதுதான். எமது பகுதியில் ஒரு குடும்பத்தின் வாகனத்துக்குக் கராஜ் ஒன்றில் இப்படி நடந்தது. ஊற்றியவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எல்லாம் சிவப்பு ஒயில்தானே என்று நினைத்திருக்கிறார். அந்த வருடத்துக் காலபோக நெல் முழுவதும் கியர்ப்பெட்டிக்கே போயிற்று.

நிசானுக்கு என்.எஸ்.-3, ஹொண்டாவுக்கு எச்.சி.எப்.-2, ரொயோட்டாவுக்கு எப்.ஈ. என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஒயில் வகைகளைக் குறித்திருக்கிறார்கள். ஒரே தயாரிப்பாளரின் பழைய மொடலுக்கும் புதிய மொடலுக்கும் கூட வகை வேறுபடலாம். யப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனத்தின் கைநூல் யப்பான் மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை. அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு முகவரிடம் கேட்டால் சரியான வகையைச் சொல்வார்கள். அதை ஒரு கடதாசியில் எழுதி வாகனத்திலேயே ஒட்டிவைத்து, ஒயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று ரின்னின் பெயரை வாசியுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வெப்பமும் புழுதியும் சுமையும் உள்ள ஓட்டத்துக்கு ஒயிலை முந்தியே மாற்றவேண்டும். எமது ஓட்டம் முழுவதும் அந்த வகைதான்.

ஒயில் சூடேறினால் பிடி தளரும். அதைக் காப்பதற்காகக் கணினி தானாகவே இஞ்சின் வலுவைக் குறைத்துவிடும். ஒரு மணித்தியாலம் பாரத்தோடு ஓடிய பிறகு வாகனம் சோர்ந்து, நிழலில் அரை மணித்தியாலம் நிறுத்திய பிறகு தெளிந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். முன்புறத்து றேடியேற்றரிலும் ஒயில் குளிர்விக்கும் பாகத்திலும் சேறு, வைக்கோல் தூசு, வண்ணத்துப்பூச்சி என்று அடைத்திருக்கிறதா எனப் பாருங்கள். மெல்லிய நீரோட்டத்தால் கழுவினால் போதும்; பெரிய அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

சில பழக்கங்கள் பட்டிக்கு எமன். பிறேக்கை அழுத்திக்கொண்டே மிதியையும் அழுத்தி, பிறகு பிறேக்கை விட்டுப் பாய்வது. நியூற்றலில் இஞ்சினை அலறவைத்து டிக்குத் தட்டுவது. மணலில் புதைந்த சில்லைச் சுழற்றிக்கொண்டே இருப்பது. சுழலும் சில்லு திடீரென்று கெட்டித்தரையைப் பிடிக்கும்போது வரும் அதிர்ச்சி நேரே பட்டியில் விழும். முல்லைத்தீவு, மன்னார் மணல் றோட்டுகளில் இது அன்றாடம் நடப்பது. இறங்கி, மண்ணை வழித்து, பலகையோ பனைமட்டையோ வைத்து, மெதுவாக எடுங்கள். ஓடாமல் நின்ற வாகனத்தை உழவு இயந்திரத்தில் கட்டி, இஞ்சின் இயக்கும் சில்லுகள் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது. இஞ்சின் நின்றால் ஒயில் பம்பும் நிற்கும். உள்ளே எல்லாம் வறட்சியாக உரசும். தள்ளி ஸ்ராட் பண்ணவும் இதனால்தான் முடியாது.

எது இயல்பு, எது வருத்தம்?

மிதித்ததும் சுற்று ஏறி, ஒரே சுருதியில் நின்று, வேகம் சீராக ஏறினால் அது சுகமான கியர். மிதியை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே சுற்று மேலும் கீழும் துள்ளினால், புறப்படும்போது வாகனம் நடுங்கினால், வேகத்தோடு சேர்ந்து கூடும் ஊளைச்சத்தம் கேட்டால், எரிந்த மணம் வந்தால் அல்லது எச்சரிக்கை வெளிச்சம் எரிந்தால் இயல்பல்ல. ஓட்டத்தை நிறுத்தி, முதலில் கணினியில் பதிவாகியுள்ள பிழைக் குறியையும் ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வாகனங்களில் அளவு பார்க்கும் கம்பி கிடையாது; ஒயில் குறித்த சூட்டில் இருக்கும்போது அடியிலுள்ள ஆணியைத் திறந்தே பார்க்கவேண்டும். அது தெரிந்த திருத்துநரிடமே போங்கள். பெட்டியை இறக்குவது கடைசி வேலை.

மேலே சொன்ன இளைஞரின் வாகனத்துக்கு வருவோம். வாங்கிய நாளிலிருந்து ஈக்கோ அழுத்தி போட்டபடியே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. காற்று வடிகட்டி செங்கல் நிறத்தில் கட்டிபட்டிருந்தது. பின் ரயர் இரண்டிலும் காற்று நன்றாகக் குறைந்திருந்தது. பின்பெட்டியில் இரண்டு மண்வெட்டி, ஒரு தண்ணீர்ப் பம்பு, பாதி மூட்டை உரம் ஆகியவை நிரந்தரக் குடியிருப்பு. ஒயில் வகை தெரியாதிருந்தது. இலக்கத்தைக் கொண்டு விசாரித்து, சரியானதை வாங்கி மாற்றினோம். எல்லாவற்றுக்குமான செலவு, அந்த மிதிப்பெட்டிக்குக் கேட்ட விலையைவிடக் குறைவு.

போன கிழமை அவரோடு அதே றோட்டில் வந்தேன். நெல் ஏற்றிய லொறிக்குப் பின்னால் வந்ததும், தடியை எஸ்ஸுக்குத் தட்டி, சுற்று ஏறும்வரை காத்திருந்தார். பின் சீற்றிலிருந்து தாயார், "ஏன்ரா தம்பி, பிறகும் கத்துது?" என்றார். எதிரே ஒரு வான் வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை அவர் வெளியே எடுக்கவில்லை.